திருகாணி வாளும் பம்புச் சில்லும்

ஒக். 1, 1962, திங்கள்

வெயில். சோளகக் காற்றும் அடங்கிவிட்டது. பட்டறைத் தகரத்தின் கீழ் காலமையே தலை இடிக்கிறது.

கம்பிச் சுருள் வந்தது. கொஞ்சம் துரு, பரவாயில்லை. கம்பியை நறுக்கித் தலை தட்டும் மெசின் சரி. புரி வெட்டும் மெசினும் சரி. போன மாதம் அலகை மாற்றிய பிறகு முனை ஊசி போல வருகிறது. பிழை முழுவதும் நடுவில். தலையில் பிளவு கீறுகிற வாள்.

இன்று அது, வாளில் வேலை செய்கிற றெஜினாக்காவின் இடது பெருவிரலைத் தொட்டுவிட்டது. பாதி நகமும் கொஞ்சம் சதையும்.

கைப்பலகைதான் காரணம். முதிரை மரத் துண்டு, நடுவில் பள்ளமாக ஒரு காடி. காடியில் திருகாணியை வைத்து, பெருவிரலால் அமுக்கி, பலகையோடு வாளுக்குள் தள்ள வேண்டும். ஒவ்வொன்றாக. நாள் முழுக்க. விரலுக்கும் வாளுக்கும் இடையில் ஒரு நூல் இடைவெளி. காடி தேய்ந்துவிட்டது, திருகாணி உருண்டது, விரலும் கூடப் போனது. இவ்வளவு நாளும் போகாததுதான் அதிசயம்.

நிறுத்துவதற்கு நான் ஓட வேண்டியிருந்தது. பெல்டைத் தள்ளி வாளை நிறுத்துகிற தடி எஞ்சினுக்குப் பின்னால், சுவரோடு. எந்த மடையன் அதை அங்கே வைத்தது? (அத்தான்.)

அத்தான் ஓடி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனால் வாய் வழக்கம் போல:
"வாளுக்கு முன்னாலை கதை வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"
றெஜினாக்கா சேலைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டு, "ஓமோம், வாளுக்கு என்ர கதை பிடிக்கேல்லைப் போல" என்றா.
"கதையில்லை அத்தான். பலகைதான் பிழை. அதைத் தூக்கி எறியுங்கோ."
"எறிஞ்சுபோட்டு? கொழும்பில படிச்ச துரை தன்ர விரலைத் தருவாரோ?"

அக்காவைக் கட்டி இங்கே காடு வெட்ட வந்த நாளிலிருந்து இந்த மனிசன் என்னோடு இப்படித்தான்.

ஆஸ்பத்திரி அப்போதிக்கரி தைத்துவிட்டார். அவாவை நாளைக்கு வரவேண்டாம் என்றேன். வருவா என்று தெரியும்.

ஒக். 2, செவ்வாய்

வந்தா. துணிக்கட்டோடு. வலது கையால் அமுக்கி இடது கையால் தள்ளுகிறா. இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் வாள் கீச்சிடும்போது என் தோள் தானாக உயர்கிறது. புரி மெசினில் நின்றுகொண்டு வாளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று நான் வெட்டினதில் பாதி கழிவு.

"அக்கா, ரெண்டு நாள் வீட்டை இருங்கோவன்."
"இருந்து? என்ர மனிசன் மீன்பிடிக்க முல்லைத்தீவுக் கடலிலை, நான் இஞ்சை தமையன் வீட்டிலை. கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தா அண்ணி என்னைக் கடலுக்கே துரத்திப்போடுவா."

மத்தியான பஸ்ஸில் வவுனியாக் கடை முதலாளி ஒரு டின் திருகாணியைத் திருப்பி அனுப்பியிருந்தார். கொண்டக்டர் சொன்ன சேதி: பிளவு கோணல், தச்சன் திருப்பும்போது தலை பாதி உடைகிறதாம். திறந்து பார்த்தேன். சரிதான். தேய்ந்த காடி, களைத்த கை. விரலை வெட்டுகிறதும் தலையைக் கோணலாக்குகிறதும் அதே பலகை. இதை அத்தானுக்கு எப்படி மண்டைக்குள் ஏற்றுவது?

முதலாளி விஜயதசமி அன்று நேரில் வருகிறாராம், பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு கதை. வெளிநாட்டுக் கப்பல் சாமான் வருகிறது நின்ற பிறகு இந்தப் பக்கத்தில் திருகாணி செய்கிறது நாங்கள் மட்டும். அதையும் கோணலாகச் செய்கிறோம்.

யோசனை: வண்டிச் சில்லு மாதிரி ஒரு சில்லு. தடித்த விளிம்பு. விளிம்பைச் சுற்றி ஓட்டைகள். ஆள் இந்தப் பக்கம் நின்று ஓட்டைக்குள் திருகாணியைப் போடுவது. சில்லு மெதுவாகச் சுற்றும். உச்சிக்குப் போகும்போது தலை மட்டும் வாளின் கீழ் நடுவாகப் போகும். அந்தப் பக்கம் கீழே வந்து தானாக விழும். கைக்கு வாளோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை.

தேவை: சில்லு. சங்கிலி, பல்லுச் சில்லு. திருகாணியை அமுக்கிப் பிடிக்க வில்லுத் தகடு. அத்தானின் சம்மதம்.

கடைசி கிடைக்காது. முதல் மூன்றையும் தேடுவோம்.

ஒக். 3, புதன்

விசுவமடுவுக்கு லொறியில். கிணற்றுப் பம்பு உடைந்து கிடக்கிற ஒரு கமக்காரர். சில்லு நல்ல வார்ப்பு, விளிம்பு மூன்று விரல் தடிப்பு.

"என்னத்துக்குத் தம்பி?"
"ஸ்குரூவுக்குத் தலை கீற."
"இவ்வளவு பெரிய சில்லு, அந்தச் சின்ன ஸ்குரூவுக்கோ? நுளம்பைச் சுடப் பீரங்கி கேக்கிறாய்."
சிரித்துக்கொண்டே தந்தார். என் சைக்கிள் பம்பு கேட்டார். கொடுத்தேன். எப்படியும் எனக்கு இனித் தேவையில்லை, சைக்கிளைக் கழற்றப் போகிறேன். சங்கிலியும் பல்லுச் சில்லும் வேறு எங்கே எடுப்பது?

அத்தான் கண்டுவிட்டார். சில்லைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அது திட்டுவதைவிடக் கெட்ட குணம்.

ஒக். 4, வியாழன்

ஓட்டை துளைப்பு. வார்ப்பு இரும்பு, தூள் மூக்கெல்லாம். அளவு இறுக்கமாக வைத்தேன். திருகாணி உள்ளே போனால் சுற்றிவரத் தாளும் நுழையக்கூடாது. தளர்வாக விட்டால் தலை ஆடும், பிளவு மறுபடி கோணல். இந்த விசயத்தில் நான் யாரோடும் பேரம் பேசமாட்டேன்.

பின்னேரம் வாள் பக்கம் "ஆ" என்று சத்தம். துளைக்கிற மெசினை அப்படியே விட்டு ஓடினேன். றெஜினாக்காவின் காலில் எறும்பு. அவா சிரிக்கிறா.

"என்ன தம்பி, முகம் பேயறைஞ்ச மாதிரி?"
"வாளுக்கு முன்னாலை கத்தாதையுங்கோ!"
"நீரும் இப்ப உம்மட அத்தான் மாதிரித்தான் கதைக்கிறீர்."

கோபம் வந்தது. அவாவில் இல்லை.

ஒக். 5, வெள்ளி

அத்தானோடு நேருக்கு நேர். சில்லைப் பூட்ட வாளை ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்றேன்.
"முதலாளி வாறதுக்குள்ளை நல்ல டின் ஒண்டாவது நிரப்ப வேணும். நிப்பாட்ட ஏலாது."
"நிரப்பிறது எல்லாம் கோணல். ஒரு டின் கோணலுக்கு ஒரு விரலோ?"
அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா. அத்தான் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். பிறகு:
"சனிக்கிழமை பின்னேரம் பூட்டு. ஞாயிறு ஆயுதபூசை, எப்பிடியும் ஓட்டிறேல்லை. திங்கள் முதலாளிக்கு முன்னாலை ஓட்டிக் காட்டு. ஓடாட்டி செவ்வாய் காலமை நானே சில்லைக் கழட்டிப்போட்டுப் பலகையைப் போடுவன். பேந்து ஒரு கதையும் இல்லை. சரியோ?"
"சரி."

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. ஓட்டிப் பார்க்க ஒரு நாள் கேட்டிருக்க வேண்டும். நாக்கு முந்திவிட்டது.

ஒக். 6, சனி

பூட்டியாகிவிட்டது. சைக்கிள் சங்கிலி கொஞ்சம் தொய்வு, ஒரு கண்ணி குறைத்தேன். கையால் சுற்றிப் பார்த்தேன்: திருகாணி ஏறுகிறது, உச்சியில் வில்லுத் தகடு பிடிக்கிறது, கீழே "டக்" என்று விழுகிறது. தலை ஒவ்வொன்றும் வாளின் நேர் நடுவே. அழகு. எஞ்சினில் ஓட்ட வெளிச்சம் போய்விட்டது.

இன்னொரு வேலை: பெல்ட் தடியை நீட்டி வாளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். நிற்கிற இடத்திலிருந்தே இழுக்கலாம்.
அத்தான்: "அதுக்கும் ஒரு தடியோ? வாளைச் சுத்தி வேலி போட்டு மாடு கட்டன்."

கழற்றிய கைப்பலகையை அவரே எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினார். செவ்வாய்க்கு ஆயத்தம்.

ஒக். 7, ஞாயிறு

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

பூசை. பட்டறை கழுவி, மாவிலை கட்டி, சுத்தியல், அரம், மண்வெட்டி, உழவு மெசின் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அக்கா குளித்துவிட்டு வந்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனா. நான் மெசினுக்குப் பின்னால் குனிந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"டேய் ராசன், உன்ர சில்லுக்கு முகம் முழுக்கப் பொட்டு."
"ம்."
தலை தூக்கவில்லை.

றெஜினாக்காவும் வந்தா, அவலும் கடலையும் வாங்கிக்கொண்டா. வேதக்காரியாக இருந்தாலும் வருசா வருசம் வருவாவாம். சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கட அந்தோனியாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்" என்றா.

பின்னேரம் ஒரு தரம் எஞ்சினைப் போட்டுப் பார்ப்போம் என்று போனேன். அக்கா வாசலில் நின்று மறித்துவிட்டா. "பூசையில வைச்சதை நாளைக்கு நல்ல நேரத்திலதான் தொடுறது. தொட்டியோ, நான் உனக்குச் சோறு போடேன்."

கத்திப் பார்த்தேன். பயனில்லை. முதல் ஓட்டமே முதலாளிக்கு முன்னால். இது என்ன வேலை முறை? நித்திரை வரப்போவதில்லை.

ஒக். 8, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

முதலாளி காலமை பஸ்ஸில் வந்தார். குடை, வெற்றிலை. அத்தான் புதுச் சேட்டு. தேங்காய் உடைத்தது, கற்பூரம், எஞ்சின். றெஜினாக்கா சில்லுக்கு முன்னால், திருகாணித் தட்டோடு. அத்தான் பெல்ட் தடியில் சாய்ந்துகொண்டு, ஏதோ தான் கண்டுபிடித்தது போல முதலாளிக்கு விளக்கம்: "கை படத் தேவையில்லை, பாருங்கோ, தானா ஏறித் தானா விழும்."

ஏறியது. ஆனால் திருகாணி ஓட்டைக்குள் முழுக்கப் போகவில்லை. தலை வெளியே துருத்திக்கொண்டு. நான் "நில்லுங்கோ" என்று வாய் திறக்க முன் உச்சிக்குப் போய்விட்டது. வாள் தலையில் குறுக்கே மாட்டியது. கிரீச். பொறி. சங்கிலி இழுபட்டுச் சில்லு நின்றது, வாள் நிற்கவில்லை.

றெஜினாக்கா கையை நீட்டினா. பழக்கம். திருகாணி உருண்டால் பெருவிரலால் அமுக்குகிற பழக்கம். நேரே வாளுக்கு.

நான் எஞ்சின் பக்கம். எட்டாது.

இழுத்தது அத்தான். விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த வாய் திறந்தபடியே, இரண்டு கையாலும் தடியை இழுத்தார். பெல்ட் விலகி, வாள் இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. அவாவின் கட்டுத் துணியின் நூல் ஒன்று வாள் பல்லில் சுற்றியிருந்தது. கையில் ஒன்றும் இல்லை.

றெஜினாக்கா அந்த நூலைப் பார்த்துக்கொண்டே நிலத்தில் குந்திவிட்டா. முதன்முறை அவா பகிடி விடவில்லை.

முதலாளி குடையை எடுத்தார். "நான் பேந்து வாறன். ஓடினாச் சொல்லி அனுப்புங்கோ. பழைய கோணல் சாமான் மட்டும் எனக்கு வேண்டாம்."

அத்தான் தடியை விட்டுவிட்டு வயலுக்குப் போனார். எஞ்சின் பூட்டின் திறப்பும் அவருடைய மடியில்.

சில்லைப் பார்த்தேன். சந்தனம். ஒவ்வொரு ஓட்டையின் வாயிலும் வடிவாக ஒரு பொட்டு, ஒரு இரவில் காய்ந்து சீமெந்து மாதிரி. தாள் நுழையாத ஓட்டைக்குள் சந்தனம் நுழைந்திருக்கிறது. அக்காவிடம் போய்க் கேட்டேன்:

"உனக்குப் பொட்டு வைக்க வேற இடம் கிடைக்கேல்லையோ?"
"எல்லா வருசமும் எல்லா மெசினுக்கும் வைக்கிறனான். உன்ர சில்லு மட்டும் என்ன, வெள்ளைக்காரன்ரையோ? சொன்னனான்தானே, முகம் முழுக்கப் பொட்டெண்டு. நீ 'ம்' எண்டாய்."

ஓம். 'ம்' என்றேன்.

மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்தேன். பறித்துவிட்டா. "பூசைச் சந்தனத்தை மண்ணெண்ணெயால கழுவுறியோ, விசரா?" சுடுதண்ணீர் கொண்டுவந்தா. தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி, சில்லுக்கு முன்னால் குந்தி, ஓட்டை ஓட்டையாகத் தானே தோண்டினா. கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் திருகாணியைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பின்னேரம் எல்லாம் சரி. கடைசியில் சில்லில் இல்லை, சட்டத்தில் ஒரு பொட்டு வைத்தா.

கையால் சுற்றினால் ஓடுகிறது. அது போதாது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்: ஓடாட்டி செவ்வாய் கழட்டுவேன் என்றார், சரி என்றேன். அத்தான் சொன்னால் செய்கிற ஆள்.

ஒக். 9, செவ்வாய்

மழை. முதல் மழை, தகரத்தில் கல் கொட்டுகிற மாதிரி.

விடிந்ததும் பட்டறைக்குப் போனேன். சில்லு பூட்டினபடியே. நல்லது. சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும். கைப்பலகை இல்லை.

அத்தான் கொண்டுபோய்க் காடியைத் திருப்பிக் கீறுகிறார், பூட்டப் போகிறார். வேறென்ன? சொல்ல வேண்டியதை எல்லாம் வாயில் அடுக்கிக்கொண்டு நனைந்தபடி குசினிக்கு ஓடினேன். பலகை போட்டால் நான் இன்றைக்கே கொழும்பு பஸ், அவ்வளவுதான் என்று.

அத்தான் நிலத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குசினி முழுக்கப் புகை. அக்கா இருமிக்கொண்டு அடுப்பை ஊதினா.
"உந்த முதிரையைக் காலங்காத்தால ஆர் கொண்டந்து வைச்சது? லேசிலை பத்துதே இது?"

அடுப்பில் கைப்பலகை. காடி மேலே தெரிய, ஒரு முனை பிடித்து எரிந்துகொண்டிருந்தது.

அத்தான் என்னைப் பார்க்காமல் மடியிலிருந்து எஞ்சின் திறப்பை எடுத்து நீட்டினார்.
"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? றெஜினா வந்திட்டா. போய் பெல்டைப் போடு."

சங்கிலிக்கு இன்னும் ஒயில் விடவில்லை.