போட்டிருக்க வேண்டாத நான்கு துளைகள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பட்டறையைத் திறக்கும்போதே மூன்று வண்டிகள் நின்றன. இரண்டை மதியத்துக்குள் அனுப்பிவிட்டேன். மூன்றாவதின் கியர்பெட்டி என்னோடு மல்லுக்கு நின்று பார்த்தது. ஜெயித்தது நான்தான்.

மாலையில் அக்கா வந்தாள், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல். மலைமேல் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு மாற்றல் போட்டுவிட்டார்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பதினோரு கிலோமீட்டர் கல் பாதை; பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். அத்தான் கப்பலில் இருக்கிறார், வர இன்னும் ஆறு மாதம் ஆகும்.

"மிளக அவ அத்தை வீட்ல விட்டுடலாம்னு பாக்குறேன். லீவு நாள்ல போய்ப் பாத்துக்கலாம்." சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது.

மிளகு அக்காவின் மகள். இரண்டேகால் வயது, பன்னிரண்டு கிலோ. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். பார்க்கத்தான் பொடிசு, வாயைத் திறந்தால் காரம். அது இல்லாமல் அக்கா ஐந்து நாள் தாங்குவாளா? ஒரு நாள் தாங்க மாட்டாள். நானும்தான்.

"நான் எதுக்கு இருக்கேன்? பெரியவர் எதுக்கு இருக்கார்?" என்றேன். பெரியவர் என் ஜீப். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் மரியாதை. காலையில் இருவரையும் மேலே கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டி வரலாம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் காப்பகமும் இருக்கிறது.

அக்கா பெரியவரின் பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். பெஞ்சு மாதிரி ஒரு நீளச் சீட்டு. பெல்ட் என்ற பேச்சே இல்லை.

"இதுல எம்பொண்ண எப்படிடி உக்கார வைப்ப? கயித்தப் போட்டுக் கட்டியா?"

குழந்தை சீட் வாங்கி மாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், ஒரு சீட்டை மாட்டத் தெரியாதா?

மார்ச் 6, வியாழன்

சீட் வந்துவிட்டது. கூடவே தடியாக ஒரு புத்தகம். அட்டைப்பெட்டியோடு சேர்த்து மூலையில் போட்டேன். படம் பார்த்து வேலை செய்கிற நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மாட்டியாயிற்று. வண்டி பெல்ட்டால் கட்டுகிற மாதிரிதான் அந்தச் சீட்டைச் செய்திருக்கிறார்கள். பெரியவரிடம் பெல்ட் இல்லை. அதனால் என்ன? சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் நான்கு துளை போட்டேன். பெஞ்சின் இரும்புச் சட்டத்தில் நான்கு துளை. நான்கு கனத்த போல்ட், பெரிய வாஷர், அழுந்த முறுக்கினேன். பிடித்து உலுக்கிப் பார்த்தால் ஜீப்பே ஆடுகிறது, சீட் ஆடவில்லை. என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அக்கா வந்தாள். மிளகு ஏறி உட்கார்ந்து, "சித்தி, வண்டி ஓட்டு!" என்று உத்தரவு போட்டது. அக்கா சிரிக்கவில்லை. நேராக மூலைக்குப் போய் அட்டைப்பெட்டியைக் கிளறிப் புத்தகத்தை எடுத்தாள். மாத்திரை அட்டையைக்கூட இரண்டு பக்கமும் படிக்கிறவள் அவள். நின்றபடியே படித்தாள். பிறகு ஒரு பக்கத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். 'ஓட்டில் துளையிடக் கூடாது. துளையிட்ட இருக்கையைப் பயன்படுத்தக் கூடாது.'

"அது கைக்கு வேலை தெரியாதவங்களுக்கு எழுதினதுக்கா."

"ஒடஞ்ச எலும்புல டாக்டர் துளை போட்டா அர்த்தம் இருக்கு. நல்ல எலும்புல போய் எவளாவது துளை போடுவாளா?"

"பிளாஸ்டிக்க நம்பாத, இரும்ப நம்பு."

"படிக்காம நான் ஒரு ஊசி போட்டா வேலையே போயிடும்டி. உனக்கு மட்டும் எங்கருந்து இவ்ளோ மெதப்பு?"

மிளகைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகட்டுமே. அவளுக்கு என்ன தெரியும் போல்ட்டைப் பத்தி? நான் என்ன வேணும்னா பண்ணேன்? புள்ள கீழ விழக்கூடாதுன்னுதானே ராப்பகலா யோசிச்சேன்? இவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வாய் வராது.



 

மார்ச் 12, புதன்

அவள் வாயை அடைக்கலாம் என்றுதான் கிளம்பினேன். பன்னிரண்டு கிலோ மணலை மூட்டை கட்டி, சீட்டில் உட்கார வைத்து, அதன் வார்களைப் பூட்டினேன். பட்டறையில் மிளகு விட்டுப்போன மஞ்சள் தொப்பியை மூட்டைக்கு மாட்டினேன், சும்மா ஒரு விளையாட்டுக்கு.

கல் பாதையில் முக்கால் மணி நேரம் ஓட்டினேன். இடையிடையே பிரேக்கை அழுத்தி மிதித்தேன். ஸ்டியரிங் என் நெஞ்சில் இடித்ததுதான் மிச்சம். என் பக்கத்துக்குப் பெல்ட் உண்டு, சீட்டுக்குப் பின்னால் சுருண்டு கிடக்கிறது. தலையை வெளியே நீட்டிச் சக்கரம் போகிற வழியைப் பார்க்கிறவளுக்கு அது இடைஞ்சல்.

திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் நான்கும் அசையவில்லை. முன்பக்கத்து ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு ஓட்டில் வெள்ளையாக ஒரு கோடு. முதலில் கீறல் என்று நினைத்தேன். விரலால் அழுத்தினேன். வாயைத் திறந்தது.

முக்கால் மணி நேரத்துக்கே இது. தினம் போக வர என்றால் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? நிஜமாகவே எதிலாவது மோதினால்? இரும்பு இருந்த இடத்தில் இருக்கும். ஓடு கிழிந்துகொண்டு, சீட்டோடு, அது—

மூட்டையிலிருந்து தொப்பியைக் கழற்றினேன்.  

மார்ச் 13, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போய், "நீ சொன்னதுதான் சரி" என்றேன். இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து கேட்க முப்பது வருஷமாகக் காத்திருந்தவள். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். மிளகு நடுவில் உட்கார்ந்து படங்களுக்கு முத்தம் கொடுத்தது. பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். கட்டியபின் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பின்னால் கனமான சாமானை அவிழ்த்துப் போட்டு வைக்கக் கூடாது. என் டூல்பெட்டியை நினைத்துக்கொண்டேன். அது ஒரு கன்றுக்குட்டி கனம்.

மார்ச் 16, ஞாயிறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

துளை போட்ட பெஞ்சைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே மாடல் பழைய வண்டியிலிருந்து வேறொன்று கொண்டுவந்தேன். அதை வைப்பதற்கு முன் தரை ரப்பர் விரிப்பை உரித்தேன். அடியில் வட்டமாக ஒரு ரப்பர் மூடி. பிடுங்கினால் உள்ளே போல்ட் முறுக்க மரை வெட்டிய துளை, பின்னால் கனத்த தகடு வைத்துப் பற்றவைத்தது. பக்கத்தில் இன்னொன்று. ஜன்னலை ஒட்டிய தூணின் அட்டையைக் கழற்றினால் அங்கேயும் ஒன்று. கீழே, சக்கர வளைவுக்கு மேல், நான்காவது. எதிர்ப்பக்கத்திலும் அப்படியே.

பெரியவரைச் செய்தவர்கள் அன்றைக்கே பின்சீட்டுப் பெல்ட்டுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பெல்ட்டைத்தான் யாரும் மாட்டவில்லை. எட்டு வருஷமாக இந்த வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறேன், அந்த விரிப்பை ஒரு நாள் தூக்கிப் பார்க்கவில்லை.

"உன் சித்தி பெரிய மேதாவி" என்று மிளகிடம் சொன்னேன். "ஆமா" என்றது.

மார்ச் 22, சனி

பின்னால் அக்கா, மிளகு இரண்டு பேர் இடத்துக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கிற புதுப் பெல்ட். புதுக் குழந்தை சீட், பெல்ட்டால் மட்டுமே கட்டியது. முழங்காலால் அழுத்தி இழுத்துக் கட்டினேன், அரை அங்குலம்கூட அசையவில்லை. இந்தமுறை நானே தீர்ப்பு எழுதவில்லை. வாகனப் பரிசோதனை நிலையத்துக்கு ஓட்டிப்போனேன்.

பரிசோதகர் அதிகம் பேசாத ஆள். சீட்டைப் பிடித்து ஆட்டினார், தலையசைத்தார். பிறகு பெஞ்சின் மேல்விளிம்பைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். சாமான் ஏற்றுவதற்காக மடங்குகிற பெஞ்சு அது. கொக்கி கழன்று, குழந்தை சீட்டோடு முன்னால் சாய்ந்தது.

"சீட்டு ஆடலம்மா. பெஞ்சுதான் ஆடுது."

போன வாரத்து ஆளாக இருந்தால் வாதாடியிருப்பேன். தேய்ந்த கொக்கிகளை அங்கேயே படம் எடுத்துக்கொண்டேன். மாலைக்குள் புதுக் கொக்கிகள், டூல்பெட்டிக்கு இரண்டு இரும்புப் பட்டை, எல்லாம் முடிந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு கையாலும் இழுத்தார், ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றியும் இழுத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் நாள். அக்கா, மிளகுக்குப் பக்கத்தில். வழியெல்லாம் ஒரு கை அந்தச் சீட்டின் மேலேயே இருந்தது. ஏழாவது கிலோமீட்டரில் கையை எடுத்துவிட்டாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிளகு நன்றாகத் தூங்கியது.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில், ஒன்பதாவது கிலோமீட்டர் வளைவில், பாதையின் நடுவே பெரிய பாறை. மேலிருந்து உருண்டு வந்திருக்கிறது. பிரேக்கில் எழுந்து நின்றேன் என்றே சொல்ல வேண்டும். பெரியவர் பாறைக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். பெஞ்சு, சீட், டூல்பெட்டி, எல்லாம் வைத்தது வைத்தபடி. மிளகு கீழே கையை நீட்டி, "சித்தி, பிஸ்கட் போச்சு" என்று புகார் சொன்னது. அக்காவுக்குத் தோளில் பெல்ட் அழுந்திய சிவப்பு. எனக்குத்தான் கண்ணை மறைத்துக்கொண்டு என்னவோ வழிந்தது. வண்டியின் முன்கண்ணாடிச் சட்டத்தில் நெற்றி மோதியிருந்தது.

நிலையத்தில் அக்காவே தையல் போட்டாள். மூன்று தையல். கை திடமாகத்தான் இருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தபின் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அவளுக்காக இவ்ளோ பாத்தியே. உனக்கு ஒண்ணுன்னா நான் என்னடி பண்ணுவேன்?"

 

ஏப்ரல் 18, வெள்ளி

காலையில் சாவியைத் திருகினேன்.

"சித்தி!" பின்னாலிருந்து அதட்டல். மிளகு தன் பூட்டைத் தொட்டுக் காட்டியது, "டிக்." அம்மாவின் பூட்டைக் காட்டியது, "டிக்." பிறகு என்னைக் காட்டிவிட்டுக் காத்திருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, சுருண்டு கிடந்த பெல்ட்டை உருவினேன். தூசி தட்டி மாட்டினேன்.

டிக்.

"போலாம்" என்றது மிளகு.