அப்பா ருசி பார்த்த மாத்திரை

அன்புள்ள காத்தாடிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் நாடித்துடிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தக் கூத்தைக் கீழே எழுதுகிறேன். அங்கே நீ சௌக்கியமா, அதைவிட முக்கியமாக, இந்த உறையைக் கிழிப்பதற்கு முன் வயிற்றுக்கு ஏதாவது போட்டாயா என்று தெரிய வேண்டும். போடவில்லை என்றால் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படி. கடிதம் எங்கேயும் ஓடிவிடாது, நீதான் ஓடுவாய்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காத அந்த ஏடிஹெச்டிக்குக் கொடுத்த மாத்திரை பசியைக் கொன்றுவிட்டது, வாய் வறண்டு போகிறது, ராத்திரி தூக்கம் வர மாட்டேன் என்கிறது, சாயங்காலமானால் யாரைப் பார்த்தாலும் கடிக்கத் தோன்றுகிறது, புது வேலையில் எல்லோரும் என்னைப் பொறுப்பான பெண் என்கிறார்கள், எனக்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை, அதனால் மாத்திரையைத் தூக்கிப் போடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். சலவைக் கடையில் ஒரு கையில் இஸ்திரிப் பெட்டியும் ஒரு கையில் உன் கடிதமுமாகப் படித்தேன், யாரோ ஒரு புண்ணியவானின் சட்டைக் காலர் தீய்ந்தது. வீட்டுக்கு வந்து கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. அவர் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. நீ சின்னவளாக இருந்தபோது இருமல் மருந்தாகட்டும் பூச்சி மருந்தாகட்டும், முதல் கரண்டி அவர் வாய்க்குள் போகாமல் உன் வாய்க்கு வந்ததில்லை. குடித்துவிட்டு முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, "பாத்தியா, அப்பா சாகல, இப்ப நீ குடி" என்பார். உன் காதுக்குக் கொடுத்த சொட்டு மருந்தைத் தன் காதில் விட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே குழாய் வேலைக்குப் போன மனிதர் அவர். நீ லீவுக்கு வந்தபோது குளியலறை அலமாரியில் ஒரு மாத்திரை அட்டையை விட்டுவிட்டுப் போனாயல்லவா, கவனத்துக்குக் கொடுத்த மாத்திரையையே கவனமில்லாமல் விட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பியதும் அதில் ஒன்றைப் பிதுக்கி எடுத்து விழுங்கியிருக்கிறார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிற ஆள்! கேட்டால், "எம்பொண்ணுக்கு என்னதான் பண்ணுதுன்னு பாக்க வேணாமா" என்கிறார்.

மத்தியானம் வந்து பார்த்தால் சமையலறையைத் தவிர வீட்டில் ஒரு குழாய்கூடச் சுவரில் இல்லை. சமையலறைக் குழாய் எத்தனை வருஷமாக ஒழுகுகிறது, ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுகிறவர் நம் வீட்டுக் குழாயின் அடியில் வாளி வைத்தே காலம் தள்ளினார், அதை ஒரே மூச்சில் சரிசெய்து முடித்துவிட்டார். முடித்த உற்சாகத்தில் குளியலறை, பின்பக்கம், மாடியில் குடியிருக்கும் டீச்சர் வீடு வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றி, வாஷர்களை அளவு பார்த்து என் புதுத் துண்டின் மேல் அணிவகுக்க வைத்திருந்தார். நான் வைத்துவிட்டுப் போன சாப்பாடு வைத்தபடியே இருந்தது. டீச்சர் தலை நிறைய நுரையோடு படியில் நின்றுகொண்டு, "தண்ணி எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றாள். நன்றாகத் திட்டலாம் என்று கிட்டே போனால் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. "நெஞ்சுக்குள்ள மோட்டார் ஓடுதுடி" என்றார். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஈசிஜி எடுத்து, பிரஷர் பார்த்து, சாயங்காலம் வரை படுக்கவைத்து, ஆபத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு ஆரம்பித்தாள் பாரு, என் மனசு குளிர்ந்தது. "ருசி பாக்க இது என்ன மிட்டாயாங்க? ஒருத்தருக்கு எழுதின மருந்த இன்னொருத்தர் தொடவே கூடாது" என்றாள். உன் அப்பா படுத்துக்கொண்டே, "அப்ப எனக்கும் அந்த வியாதி இருக்கா டாக்டர், குழாய் வேலை முடிஞ்சிருச்சே" என்று கேட்டார். யார் விழுங்கினாலும் அது கொஞ்சம் முடுக்கிவிடும், அதை வைத்து வியாதி இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள். மனிதர் முகம் தொங்கிப்போயிற்று.

வந்ததுதான் வந்தோம் என்று உன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். அவள் பொறுமையாகப் படித்தாள். கவனத்தைப் பிடித்து நிறுத்த மூளையில் சில ரசாயனங்கள் வேலை செய்கின்றனவாம், இந்த மாத்திரை அவற்றுக்குத்தான் கை கொடுக்கிறதாம், பசி அடங்குவதும் தூக்கம் தள்ளிப்போவதும் இதில் அடிக்கடி வருவதுதானாம். அதனால் காலையில் மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டும், நீ காபியை மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடுகிற கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள், காபி சேர்ந்தால் படபடப்பு இன்னும் கூடுமாம். எழுந்திருக்க நேரமாகிவிட்டது என்று மாத்திரையை மத்தியானம் போட்டால் ராத்திரி விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான். சாயங்காலம் கடிக்கத் தோன்றுவது மருந்தின் வேகம் இறங்குகிற நேரமாக இருக்கலாமாம், இத்தனை நாள் அதை உன் அத்தையின் ரத்தம் என்று நினைத்திருந்தேன். எடை, பிரஷர், நாடி எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும், நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத்தான் அவள் இரண்டாவது தடவை படித்தாள். அளவு கூடிப்போனாலும் ஆள் அப்படி மந்தமாகிவிடுவதுண்டு, அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, அளவை மாற்றலாம், வேறு மருந்தும் இருக்கிறது, அது மெதுவாக வாரக்கணக்கில் வேலை செய்யும், "ஆனா அவங்களா நிறுத்த வேணாம், எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட இதையே அப்படியே சொல்லச் சொல்லுங்க" என்றாள். சொல்லடி. அவரிடம் நல்ல பிள்ளை வேஷம் போட்டு எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டு எனக்கு மட்டும் புலம்பினால் நான் என்ன இஸ்திரி போட்டா சரிசெய்ய முடியும்? பொறுப்பான பெண் எனக்கு வேண்டும்தான், ஆனால் உன் வாயாடித்தனத்தை விற்று அதை வாங்க வேண்டாம். நீ ஃபோனில் என்னைக் கிண்டல் செய்து இரண்டு மாதமாகிறது, எனக்கு அது இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ எனக்கு எழுதிய பழைய கடிதம் எதற்கும் முடிவு கிடையாது. "அம்மா, இன்னிக்கு ஒரு கூத்து" என்று ஆரம்பித்துப் பாதியில் நிற்கும், அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிடுவாய். ஒன்று "ஏனென்றால்" என்ற வார்த்தையோடு நின்றது, ஏன் என்று இன்றுவரை தெரியாது. போன வாரம் வந்ததுதான் நீ கடைசிவரை எழுதிய முதல் கடிதம். அடியில் இப்படிக்கு என்று போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தாய். அதைப் பார்த்துத்தான் காலர் தீய்ந்தது. மாத்திரையைத் தூக்கிப் போடப் போகிறேன் என்பதை எனக்கு முழுசாக எழுதி முடிக்க அந்த மாத்திரைதான் உனக்கு உதவியிருக்கிறது, கழுதை.

சாப்பிட்டு, தூங்கி, வாயும் வாலும் குறையாமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். மிச்ச அட்டையை மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டேன், உன்னிடம் இருப்பதைப் பூட்டி வை, அப்பா அங்கேயும் வந்துவிடுவார். டாக்டரிடம் போய்விட்டு வந்து எழுது. அப்படியே அந்த "ஏனென்றால்" என்னவென்றும் எழுது.

இப்படிக்கு,
குழாய் ஒழுகாத வீட்டிலிருந்து
உன் அம்மா