ஜெனியை அனுப்பச் சொல்லிவிட்டேன், அக்கா

மீஞ்சூர் பிளாட்பாரத்தில் நான் ஓடி வருவதைப் பார்த்து, லேடீஸ் கம்பார்ட்மென்ட் வாசலில் நின்றுகொண்டு "சீக்கிரம் வாடி, உனக்காக வண்டி நிக்குமா?" என்று ஊரே கேட்கக் கத்துவாயே, என் ஸ்டெல்லா அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். அதை நானே உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. உன் மகள் ஜெனியை ஜப்பானுக்கு அனுப்பச் சொல்லி உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். நீ இருந்திருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பாய். அது தெரிந்துதான் சொன்னேன்.

கோபப்படு. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுக் கோபப்படு. பாதியில் குறுக்கே விழுந்து பேசுவதுதானே உன் வழக்கம், இப்போதாவது அது முடியாதில்லையா?

நமக்குள் ரத்த சொந்தம் கிடையாது. நீ அத்திப்பட்டில் ஏறுவாய், நான் மீஞ்சூரில். கும்மிடிப்பூண்டியில் இறங்கி நீ பிளாஸ்டிக் கம்பெனி பேக்கிங்குக்குப் போவாய், நான் கெமிக்கல் கம்பெனி லேபுக்குப் போவேன். அவ்வளவுதான் நம் உறவு. ஆனால் எனக்கு ஏழாம் மாசம் நடந்தபோது, என் மாமியார் வீட்டில் வளைகாப்பு தேதி குறிப்பதற்கு முன்னாலேயே நீ அந்தப் பெட்டியில் எனக்கு வளையல் அடுக்கிவிட்டாய். பொன்னேரி தாண்டியதும் ஆரம்பித்து, வண்டி நிற்பதற்குள் சந்தனம், குங்குமம், ஐந்து டிபன் பாக்ஸில் ஐந்து வகை சோறு எல்லாம் முடிந்துவிட்டது. "கிறிஸ்தவச்சி நீ இன்னாத்துக்கு முதல் வளையல் போடற?" என்று யாரோ கேட்டதற்கு, "ரயில்ல ஏறுனா எல்லாம் ஒரே ஜாதி, நீ சோத்த துன்னு" என்றாய். அன்று நான் லேபில் பிப்பெட்டைத் தொடும்போதெல்லாம் கை நிறைய கண்ணாடி வளையல் குலுங்கியது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டு போனார்.

அந்த வளையலுக்குப் பிறந்த பாப்பா இப்போது டோக்கியோவில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். கடைப் பலகையில் எழுதியிருப்பதை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்கிறாள்.

இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக்காரரைக் கம்பெனி மாற்றியபோது ஊரில் எல்லோரும் வாழ்த்தினார்கள், நீ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்குச் சொல்லவே இல்லையே, நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று. சாப்பாட்டு டப்பா தயார் செய்கிற பேக்டரியில் பகுதி நேர வேலை. தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும்தான் வெளியே தெரியும். பெல்ட்டில் டப்பா வந்துகொண்டே இருக்கும். சோற்றின் நடுவில் சிவப்பாக ஒரு ஊறுகாய்ப் பழத்தை வைக்க வேண்டும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டுச் சோற்றுக்குப் பொட்டு வைக்கிறேன் அக்கா. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஊர் மோசமில்லை. தண்ணீர் வருகிறது, கரண்ட் போவதில்லை, வேலை முடிந்து தனியாக நடந்து வரலாம், யாரும் கிட்டே வரமாட்டார்கள். கிட்டே வரமாட்டார்கள் என்பதுதான் கஷ்டமும்.

வந்த புதிதில் ஒரு நாள் ரயிலில் நீள சீட்டில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்கான சீட்டுதான் அது. நம் வண்டியில் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்காருவதில்லையா? அந்தப் பழக்கத்தில் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு எட்டாவது ஆளாக இடித்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பக்கமும் இருந்தவர்கள் விறைத்துப் போனார்கள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இரண்டு பேர் எழுந்துபோய்க் கதவோரம் நின்றுகொண்டார்கள். ஒரு முறைப்பு கூட இல்லை.

அதாவது பரவாயில்லை. இன்னொரு நாள் பீன்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று மடியில் பையை விரித்துப் போட்டு நார் உரிக்க ஆரம்பித்துவிட்டேன். பூண்டு உரிப்பதும், கீரை ஆய்வதும், பூ கட்டுவதும் நம் பெட்டியில் நாள் தவறாமல் நடந்த வேலைதானே? எனக்கு அது தப்பாகவே தோன்றவில்லை. கால் கிலோ உரித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. நம் வண்டியாக இருந்தால் ஒருத்தி "குப்பைய கீழ போடாதடி" என்று திட்டியிருப்பாள், இன்னொருத்தி "இப்படிக் குடு" என்று பாதியை வாங்கியிருப்பாள். இங்கே யாரும் திட்டவும் இல்லை, வாங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து பீன்ஸை அப்படியே பிரிட்ஜில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மூன்று வருஷத்தில் பழகிவிட்டது. எந்தக் குப்பையை எந்தக் கிழமை வைப்பது என்று தெரியும். பேக்டரியில் பக்கத்தில் நிற்கிற பிலிப்பைன்ஸ் பெண் எனக்குப் பிறந்தநாள் கேக் வாங்கிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை இந்தியக் கடைக்குப் போனால் நாலு தமிழ் முகம் பார்க்கலாம். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். பொய்யில்லை. ஆனால் பழகுவதற்கு முன்னால் இருந்த அந்த முதல் வருஷத்தை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஜெனி விஷயத்துக்கு வருகிறேன். நர்சிங் முடித்துவிட்டுப் பொன்னேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள் இல்லையா, கூடவே ஜப்பான் பாஷை கற்றுக்கொண்டு பரீட்சையும் பாஸ் பண்ணிவிட்டாள். டோக்கியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளை எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். உன் வீட்டுக்காரர் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவள்தான் முதலில் போன் பண்ணினாள். "சித்தி, அப்பா உங்களாண்டதான் கேப்பாரு. அம்மா இருந்தா அனுப்பியிருப்பாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்பிடுவாரு."

"உங்கம்மா அப்படி சொல்லவே இல்லியேடி."

"தெரியும் சித்தி. எனக்குத் தெரியாதா?" என்றாள். குரல் அப்படியே உன் குரல்.

உன் தங்கச்சி ரோசி வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்? பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டது, உங்கள் அம்மா செத்தபோது கொடுக்காதது. நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "எங்கம்மா மூஞ்ச கடைசியா பாக்க முடியாம அங்கியே கத்திக்கினு கெடந்தாடி. போறது பெரிசில்ல. திரும்பி வரணும்னு தோணற அன்னிக்கு வர முடியணும். எம்பொண்ண நான் எங்கியும் அனுப்ப மாட்டேன்." நான் கிளம்புகிறேன் என்றபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அதனால்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ சொன்னதை நானே நிரூபித்தும் காட்டிவிட்டேன். நெஞ்சு வலி என்று உன்னைக் கொண்டுபோன அன்று சாயங்காலமே, நீ போய்விட்டாய் என்று ஜெனி போனில் அழுதாள். டிக்கெட் தேடினோம். மறுநாளே அடக்கம் என்றார்கள். எப்படிப் பறந்தாலும் வந்து சேர முடியாது. சமையலறையில் நின்றுகொண்டு போனில் பார்த்தேன். நம் ரயில் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பெட்டியை மூடுகிற நேரத்தில் நெட் போய்விட்டது. திரும்ப வந்தபோது மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பாஸ்போர்ட் என் அலமாரியில்தான் இருந்தது அக்கா. இருந்தும் வர முடியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர், அந்தோணி மாமா, போன் பண்ணினார். முதல் பத்து நிமிஷம் மழை, ரோலிங் மில்லில் ஷிப்ட் மாற்றியது, பாப்பா படிப்பு என்று சுற்றி வளைத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"ஏம்மா சுமதி, எனுக்கு ஒரே பேஜாரா கீது. உங்கக்கா உன்னாண்ட எல்லாம் பேசுவா. சொல்லு, அவ இருந்தா இன்னா சொல்லியிருப்பா?"

சரி என்றிருப்பாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்துவிடும். நீ வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் உன் வாயில் நான் எப்படி வார்த்தையைப் போடுவேன்?

"அனுப்பியிருக்க மாட்டாங்க மாமா" என்றேன். "ரயில்லயே சொல்லியிருக்காங்க. ஒரு தடவ இல்ல."

அதைக் கேட்டு அவருக்கு நிம்மதியாக இருந்ததோ என்னவோ. நீயும் இல்லாத வீட்டில் அவர் தனியாக இருக்க வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்கிற மனுஷனா அவர்?

"ஆனா அனுப்புங்க மாமா" என்றேன்.

"இன்னாம்மா, நீயே அவ வேணாம்னு சொல்லுவான்ற, நீயே அனுப்புன்ற?"

"அக்கா பயந்தாங்க மாமா. அந்தப் பயம் நெசம். இங்க குளிரும், பேச்சுத் துணை இருக்காது, அழுவா. நாள் பூரா வயசானவங்கள தூக்கி உக்கார வைக்கிற வேல, முதுகு ஒடியும். அதெல்லாம் அவகிட்டயே சொல்லிட்டேன். கேட்டுட்டும் போறேன்றா. பயந்தவங்க போயிட்டாங்க மாமா. போகணும்ன்றவ உசுரோட இருக்கா."

அவர் "நீ பாத்துக்குவியா?" என்று மட்டும் கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மறுநாள் ஜெனி போன் பண்ணி, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அழுதாள். நானும் அழுதேன். அடுத்த மாசம் வருகிறாள்.

இதுதான் அக்கா நான் செய்தது. நீ உயிரோடு இருந்திருந்தால் இதற்காக உன்னோடு சண்டை போட்டிருப்பேன். மீஞ்சூரில் ஆரம்பித்தால் கும்மிடிப்பூண்டி போயும் முடிந்திருக்காது, பிளாட்பாரத்தில் நின்று போட்டிருப்போம், கம்பெனிக்கு லேட்டாகிப் போயிருப்போம். கடைசியில் நான் ஜெயித்திருப்பேனா? தெரியவில்லை. எதிரில் நீ இல்லாமல் ஜெயித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். ஏர்போர்ட்டில் அவளுக்காக நான் நிற்பேன். அவள் பாஸ்போர்ட் அவள் கையிலேயே இருக்கும். முதல் மாசமோ மூன்றாம் வருஷமோ, "ஊட்டுக்குப் போறேன் சித்தி" என்று ஒரு நாள் சொன்னால், என்னிடம் எல்லோரும் சொன்ன "பழகிடும்" என்கிற வார்த்தையை நான் அவளிடம் சொல்ல மாட்டேன். ஏன் என்றும் கேட்க மாட்டேன். கான்ட்ராக்ட், வேலை, ஊர் வாய் எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உன்னை வழியனுப்ப என்னால் வர முடியவில்லை. உன் மகள் வீட்டுக்குத் திரும்பி வர நினைக்கிற அன்றைக்கு, நான் இருக்கிறவரை, அவளால் வர முடியும்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மீஞ்சூர் சுமதி