கேட்காமல் அழித்த படங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. ஐந்தாவதோடு நின்றவள் நான். கடிதம் என்றால் அன்புள்ள என்று தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். செத்துப்போனவன்மேல் கோபம் இருந்தால் எப்படித் தொடங்குவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ மார்வலி என்று உட்கார்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்டுடியோவை மூடவில்லை. அண்ணி காலையில் வந்து திறக்கிறாள். நான் என் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன். பாஸ்போர்ட் சைஸ் படம் நானே எடுக்கிறேன். உன் நாற்காலியில் நான்தான் உட்காருகிறேன். அதில் ஒரு கால் ஆடுகிறது. அதைக்கூட நீ சரிசெய்து வைக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை விட்டுப் போன என் வீட்டுக்காரன் தை மாதம் இன்னொருத்தியைக் கட்டப் போகிறான். தேவிகாபுரத்துப் பெண். கேள்விப்பட்டு, மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். கூப்பிட்டு விசாரித்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். என் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

“மேடம், இவங்க எங்க வூட்ல கொஞ்ச நாள் இருந்தாங்க, அவ்ளோதான். கல்யாணம்லாம் ஒண்ணும் நடக்கல. நான் தாலி கட்டினத யாரு பாத்தாங்கன்னு கேளுங்க.”

யார் பார்த்தார்கள் அண்ணா? அவன் அப்பா செத்த வருஷத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். பத்திரிகை அடிக்கவில்லை. மண்டபம் பிடிக்கவில்லை. அவன் வீட்டுக் கூடத்திலேயே தாலி. வந்தவர்களில் அவன் ஆட்கள் பத்துப் பேர். நம் பக்கம் அம்மாவும் நீயும். அண்ணி பிரசவத்துக்குப் போயிருந்தாள். அம்மா போய்விட்டாள். நீயும் போய்விட்டாய். அவன் ஆட்களுக்கு இப்போது ஞாபகமே வரவில்லை. மந்திரம் சொன்னவருக்கும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். “கல்யாண போட்டோ ஒண்ணுகூடவா இல்ல? உங்க அண்ணன் ஸ்டுடியோ வெச்சிருந்தாருன்னு சொல்ற?”

“இருக்குதுங்க மேடம்” என்றேன். எத்தனை தைரியமாகச் சொன்னேன் தெரியுமா?

“வியாழக்கிழமை கொண்டாம்மா. அது இருந்தா போதும்.”

ஊருக்கெல்லாம் ஆல்பம் போட்ட நீ எனக்குப் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். “வூட்டுக் கல்யாணம்தானடி. எங்க ஓடிப்பூடும்? கம்ப்யூட்டர்ல பத்திரமா கீது.”

கம்ப்யூட்டரில் எதை எங்கே வைத்தாய் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். அதற்குக் காரணம் ஒரு கல்யாணம். மறந்திருக்க மாட்டாய். நீ டிஜிட்டல் கேமரா வாங்கின புதிது. ஒரே ஆவணி மாதத்தில் நான்கு கல்யாணம், நான்கு மாப்பிள்ளைக்கும் ஒரே பெயர். படம் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய். “ஊர்ல அவங்கள எப்டிக் கூப்புடுறாங்களோ அப்டியே பேரு வெச்சு போல்டர் போடு. பேஜாரே இல்ல” என்றாய். நானும் இங்கிலீஷ் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். குறட்டை வீடு. நெட்டக்கால் வீடு. சண்டைக்கார வீடு.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்க அதில் ஒரு மாப்பிள்ளையின் அப்பா வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார்.

“கு… ரட்… டை. இன்னாப்பா இது? யார் வூட்டுக் கல்யாணம் இது?”

அவர் சம்சாரம் பக்கத்திலிருந்து சொன்னாள். “நம்ம வூடுதான். ஊருக்கே கேக்குது, கம்ப்யூட்டருக்குக் கேக்காதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்துவிட்டார். உடனே நீ என்ன சொன்னாய்? “தங்கச்சி அடிச்சது சார். அதுக்குப் படிப்பு இல்ல, மன்னிச்சுக்கங்க.” அடிக்கச் சொன்னது நீ. படிப்பு இல்லாதவள் நான். அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். அண்ணனாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு கல்யாணத்துக்குப் பெயரே வைக்கக் கூடாது என்றாய். எல்லாம் நம்பர். ஒரு நீல நோட்டில் நம்பருக்கு நேராக வீட்டின் பெயரை எழுதி இழுப்பறையில் வைத்தாய்.

ஸ்டேஷனிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்து அந்த நோட்டை எடுத்தேன். முப்பத்தொன்று, தங்கச்சி. உன் கையெழுத்து. கம்ப்யூட்டரைத் திறந்தால் முப்பது இருக்கிறது. அடுத்தது முப்பத்திரண்டு. மேலும் கீழும் தேடினேன். சிடி அடுக்கிலும் முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருக்கிறது இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அண்ணி பின்னால் வந்து நின்றாள். திரையைப் பார்த்தவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு” என்றாள். “அவன் உன்ன வுட்டுட்டுப் போனான்னு தெரிஞ்ச அன்னிக்கு மத்தியானம். சோறு கொண்டாந்தேன், டப்பாவத் தொறக்கவே இல்ல. அந்த நாயி மூஞ்சி என் கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லிகினே அழிச்சாரு. சிடியயும் காலால மிதிச்சு ஒடச்சாரு. உன் மேல வெச்ச பாசம்தான் செல்வி.”

பாசமாம். அழித்தாயே, அது அவன் கல்யாணம் மட்டும்தானா? அதில் நான் இல்லையா? அம்மா இல்லையா? அம்மா பட்டுக் கட்டிச் சிரித்த ஒரே நாள் அது. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நாலு வீடு தள்ளித்தான் இருந்தேன். குரல் கொடுத்தால் வந்திருப்பேன். வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று நான் சொல்லியிருப்பேன்.

கல்யாணம் நடக்கவில்லை என்று அவன் சொல்கிறான். நடக்காததுபோல நீ செய்து வைத்தாய். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் அண்ணா? அன்றைக்கு உன் படத்துக்குப் பூ வைக்கவில்லை. அண்ணி வைக்க வந்தாள். அவளையும் வைக்கவிடவில்லை.

அழித்ததை மீட்டுத் தருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேலூருக்குப் பஸ் ஏறினேன். மடியில் கம்ப்யூட்டர் பெட்டி. கடைக்காரர் அரை நாள் பார்த்துவிட்டு, அதன்மேல் ஏகப்பட்ட படம் ஏற்றியாகிவிட்டது, ஒன்றும் வராது என்று கையை விரித்தார். திரும்பி வரும்போது, புதன்கிழமை சாயங்காலமே போய் மனுவை வாபஸ் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும் கல்யாணம் கட்டாமல் பிறந்த பெண் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொன்னால் போதுமே.

புதன்கிழமை மத்தியானம் சேவூர் பட்டுத்தறி முதலாளி வந்தார். நீ சேலைப் படம் எடுத்துக் கொடுப்பாயே, அவர்தான்.

“ஏம்மா, உங்க அண்ணன் அந்த அன்னப்பட்சிக் கரைய எடுத்தாரே, அரக்கு ஒடம்பு, பச்சக் கரை. அது கெடைக்குமா? மெட்ராஸ் கடைல திரும்பக் கேக்குறாங்க. ஜல்தி வேணும்.”

சேலைக்கு மட்டும் நீ எத்தனை ஒழுங்காகப் பெயர் வைத்திருக்கிறாய். முதலில் உடம்பின் நிறம், அடுத்து கரையின் நிறம், பிறகு கரையில் இருக்கும் உருவம். அரக்கு பச்சை அன்னம் என்று அடித்ததும் ஒன்பது படம் வந்து நின்றது. சேலைக்கு உள்ள மரியாதை உன் ஸ்டுடியோவில் மனுஷிக்கு இல்லை.

முதல் நான்கும் கம்பியில் தொங்கவிட்டு எடுத்தவை. ஐந்தாவதில் சேலையை ஒருத்தி கட்டியிருந்தாள். கழுத்துக்கு மேல் வெட்டியிருந்தாய். ஆறு, ஏழு, எட்டும் அப்படியே. முதலாளி குனிந்து பார்த்தார்.

“அட, இது அந்தச் சேலையாச்சே. தறியில டிசைன் அட்டை திருப்பிச் சுத்திகினு ஒரு அன்னம் மட்டும் பின்னால பாத்துகினு நிக்கும். கடைக்குப் போவாதுன்னு வெச்சிருந்தேன். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு உங்க அண்ணன் வாங்கிகினு போனாரு. கட்டினா கரை எப்டித் தெரியுதுன்னு எனக்குக் காட்டக் கல்யாணப் படத்தையே வெட்டி வெச்சாரு.”

ஒன்பதாவதைத் திறந்தேன். தாலி கட்டுகிற படம். அவன் முழு முகம் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி முடிச்சுப் போடுகிறான். நான் மோவாய்க்குக் கீழேதான் இருக்கிறேன்.

அவன் முகத்தை அழிக்கிறேன் என்று என்னை அழித்தாய். கரை தெரிய வேண்டும் என்று என் தலையை வெட்டினாய். கடைசியில் நீ மிச்சம் வைத்தது அவன் முகத்தை. இதை மறந்துவிட்டாயா, இல்லை தெரிந்தே விட்டு வைத்தாயா? அண்ணிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியப்போவதில்லை.

வியாழக்கிழமை படத்தைப் பெரிதாகப் போட்டு எடுத்துப் போனேன். பெட்டியிலிருந்து சேலையையும் எடுத்துக்கொண்டேன். முதலாளி தானே கூட வந்தார். தேவிகாபுரத்துப் பெண் வீட்டுக்காரரையும் வரச்சொல்லியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். “உன் மூஞ்சி இல்லயேம்மா இதுல” என்றார்.

அதைக் கேட்டதும் அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. “அதான் மேடம். அது இவ இல்ல, வேற யாரோ.”

“யாரோவா?” என்றார் அவர். “அப்ப யாருக்குய்யா தாலி கட்டிகினு கீற இதுல? அந்தப் பொண்ணு எங்க? பேரச் சொல்லு, கூப்புடுறேன்.”

நான் சேலையை மேசைமேல் விரித்தேன். கரையைத் தடவிக்கொண்டே போய், பின்னால் பார்த்து நிற்கிற அன்னத்தின்மேல் விரல் வைத்தேன். படத்தில் அதே அன்னம் என் தோளில் நிற்கிறது. இந்தத் தப்போடு இந்த ஒரு சேலைதான் நெய்தது என்று முதலாளி சொன்னார். பெண் வீட்டுக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

எனக்குத் தாலி கட்டினது நிஜம் என்று அவன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சேர்ந்து வாழ்கிறாயா என்று இன்ஸ்பெக்டர் அம்மா என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவன் எனக்கு வேண்டாம். நடந்தது நடந்தது என்று இருந்தால் போதும்.

இவ்வளவு ஆகியும் உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. உன் வருஷத் திதி வரும். அண்ணியோடு சேர்ந்து நான்தான் சமைப்பேன். உனக்குப் பிடித்த வடையும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒரு சத்தியம் செய்கிறேன், கேட்டுக்கொள். இனி இந்த ஸ்டுடியோவில் படத்தில் இருக்கிறவர்களைக் கேட்காமல் ஒரு படத்தையும் அழிக்க மாட்டேன். அவன் படமாக இருந்தாலும் சரி, என் படமாக இருந்தாலும் சரி. இது நீ எனக்குச் செய்து கொடுத்திருக்க வேண்டிய சத்தியம்.

இப்படிக்கு,
தாலி கட்டிக் கல்யாணம் ஆன உன் தங்கச்சி,
செல்வி