சொன்ன தேதியில் ஒரு ப்ளவுஸ்

9 ஜூன் 2003, திங்கள்

மழை இதோ வருகிறேன் என்று புனேயில் எங்கள் பாணேர் பக்கத்தை ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. வேலையை விட்டு ஐந்து மாதமாகிறது. டெய்லர் கடைகளுக்காக நான் எழுதிய புரோகிராமை இதுவரை வாங்கியவர் யாரும் இல்லை. கணவர் மாதவிடம் நானே வாய் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒப்பந்தம் வேறு: தீபாவளிக்குள் ஐந்து கடையாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பழையபடி ஸ்ரீநிவாசன் சார் ஆபீஸ். சார் என் நாற்காலியை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறாராம். பாசம்தான். ஆனால் அதை நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

விளம்பரம் கொடுக்க வழியில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்கு அந்த வாய் கொஞ்சம் திறந்தால் போதும்.

12 ஜூன்

கர்வே ரோட்டில் மோரேஷ்வர் காகாவின் டெய்லர் கடை. காகா என்றால் இங்கே சித்தப்பா. மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் துணி போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது. அதில் புரோகிராமைப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இலவசமாக. நாலு டெய்லர்களிடம் அவர் சொல்ல வேண்டும், அதுதான் விலை. தலையாட்டினார்.

ஒரு நாளைக்கு எத்தனை ப்ளவுஸ் தைக்க முடியும் என்று ஒரு தடவை சொன்னால் போதும். கையில் இருக்கும் வேலையைப் பார்த்து அதுவே டெலிவரி தேதி போட்டுச் சீட்டு அடிக்கும். நாள் நிரம்பிவிட்டால் அந்தத் தேதி கிடையாது, காகாவே கெஞ்சினாலும். சீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் என் போன் நம்பர்.

கிளம்பும்போது காகா ஒன்று மட்டும் சொன்னார்: மதியம் ஒன்று முதல் நாலு வரை, கம்ப்யூட்டர் பற்றி எரிந்தாலும் கதவைத் தட்டாதே. தூக்க நேரமாம்.

3 ஜூலை

எப்படி இருக்கிறது என்று காகாவிடம் கேட்டேன். "டீக் ஆஹே" என்றார். பரவாயில்லையாம். புனேக்காரர் வாயில் அது ஏறக்குறைய பாராட்டு விழா.

21 ஜூலை

போன் ஒரே ஒரு தடவை அடித்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்றாள் ஒருத்தி.

8 ஆகஸ்ட்

கொதிக்கிறது எனக்கு.

பொறுக்க மாட்டாமல், காகாவுக்கு நாலு கடை தள்ளி இருக்கும் டெய்லரிடம் நானே போனேன். ஓ, அந்த மோரேஷ்வர் போட்டிருக்கிறாரே அதுவா, வெறும் டப்பா, அளவையெல்லாம் தின்றுவிடுகிறது என்று அவரே சொன்னாரே என்கிறார். அதற்கடுத்த கடையிலும் அதே பாட்டு. மனுஷன் சொல்லாமல் இல்லை. நாலு பேரிடமும் சொல்லித்தான் இருக்கிறார்!

நேரே போய்க் கேட்டேன். கத்தரியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நல்லா காஜா போடுற ஆள் ஒருத்தன் கெடைச்சா, பக்கத்து கடைக்கு அவன் அட்ரஸ் குடுப்பேனா?"

சண்டை போடப் போனவள் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். போட்டிக் கடைக்காரன்கிட்ட நல்லதை எவனாவது சொல்வானா? இதக்கூட யோசிக்காம என்னத்த கிழிச்சேன் இத்தன மாசமா? பஸ்ஸில் அழுகையே வந்துவிட்டது.

மாதவ் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "நல்லா இருக்கங்காட்டித்தான அவுரு ஒளிச்சு வெச்சாரு" என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

26 ஆகஸ்ட்

காகா கடையில் இன்று ரீனா என்று ஒருத்தியைப் பார்த்தேன். கணவர் ஜோஷுவா கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் பாடம் நடத்துகிறார். எந்த டெய்லர் சொன்ன தேதியில் தந்திருக்கிறான் என்று, சண்டைக்கு எல்லா வசனமும் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். காகா மூன்று ப்ளவுஸையும் மடித்து எடுத்து வைத்தார். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அந்தச் சீட்டு என் கைவேலை என்று சொன்னேன். ஊர் ஊராக மாற்றலாகித் தேய்ந்த தமிழில், "அக்கா, நான் எங்க லேடீஸ் எல்லாருக்கும் சொல்லுவேன்" என்றாள். காகா இருமினார்.

இவளுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? டெய்லர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ளவுஸ் போடுகிறவளுக்கும் வாய் உண்டு என்பது தோன்றவே இல்லை. நானும் ப்ளவுஸ் போடுகிறவள்தானே.

15 செப்டம்பர்

பிள்ளையாரைக் கரைத்து ஊர் ஓய்ந்தது. சிங்கட் ரோட்டிலிருந்து ஒரு டெய்லர் போன். கடக்வாஸ்லா மேடம்கள் வந்து 'தேதிச் சீட்டு உண்டா' என்கிறார்களாம். இல்லை என்றால் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம். ஒருத்தி காட்டிய சீட்டில் என் நம்பர் இருந்ததாம். நாளைக்கே வர முடியுமா என்றார். நாளைக்கேவா என்று யோசிப்பது போல் நடித்தேன்.

27 செப்டம்பர்

மூன்று கடை! மூன்றாமவர் கசார்வாடியில் யூனிஃபார்ம் தைப்பவர். அவர் மச்சினி சிங்கட் ரோடு கடையில் ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தாளாம்.

6 அக்டோபர்

நேற்று தசராவுக்கு இரண்டு கடையில் பூஜை போட்டு ஆரம்பித்தார்கள். ஆக, ஐந்து. ஐந்தாவது, காகாவுக்கு நாலு கடை தள்ளி இருக்கிறாரே, அவரேதான். காகா என்னைப் பார்த்து உறுமினார், அவனுக்கு யார் சொன்னது என்று. அவன் வாடிக்கைக்காரிகள் என்றேன்.

ஸ்ரீநிவாசன் சாருக்குப் போன் செய்து, நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். சரி என்றவர், தன் வீட்டம்மா தைக்கக் கொடுக்க நல்ல கடை எது என்று கேட்டார்.

18 அக்டோபர்

ஓடுகிற ஓட்டத்தில் தீபாவளிப் புடவைக்கு ப்ளவுஸ் கொடுக்கவே மறந்திருக்கிறேன். காகாவிடம் ஓடினேன். தட்டிப் பார்த்தார். 29 என்றது. தீபாவளி 24. ஒன்றே ஒன்றுதானே காகா, நடுவில் சொருகுங்கள் என்று கெஞ்சினேன். திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீயே சொல்லிப் பாரு."

மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. எழுதியவள் நான், பின்வாசல் எனக்குத் தெரியாதா? கை கீபோர்டு வரை போனது. எடுத்துக்கொண்டேன்.

24 அக்டோபர், தீபாவளி

எண்ணெய்க் குளியல், மாம்பழக் கலர்ப் புதுப் புடவை, போன வருஷத்துப் பச்சை ப்ளவுஸ். மாதவ் மேலும் கீழும் பார்த்தார். சீட்டை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, லட்டுவை என் வாயில் திணித்தார்.

29 அக்டோபர்

ஐந்து மணிக்குப் போனேன். தயாராக இருந்தது. போட்டுப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது. எப்படி இருக்கிறது என்று காகா கேட்டார்.

டீக் ஆஹே என்றேன்.