வாழவந்தி என்று படிக்க முடியாத பலகை

அக்கா,

இன்று காலை அந்தப் பிரிவு ரோட்டில் புதுப் பலகை நட்டுக்கொண்டிருந்தார்கள். ஈர சிமென்ட் வாசனை பனியோடு கலந்து வந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றேன். பிடுங்கிய பழைய பலகையைப் புல்லின்மேல் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மறுபக்கத்தில் இருந்த எழுத்து நான் வரைந்தது. இந்த மடலை எழுத எட்டு மாதமாக எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றும் தைரியத்தில் எழுதவில்லை.

உங்களை முதலில் பார்த்ததும் இந்த ரோட்டில்தான். மலையிலுள்ள ஊர்ப் பலகைகளுக்கு எழுத்துரு தேர்ந்து தரும் வேலை என்னிடம் வந்திருந்தது. கையில் இரண்டு எழுத்துருக்கள் இருந்தன. ஒன்று தடித்த, அலங்காரமில்லாத எழுத்து; எந்த ஊர்ச் சாலையிலும் பார்க்கக்கூடியது. மற்றது நானே வரைந்தது. அதில் கொம்பும் காலும் மிளகுக்கொடிபோலச் சுருண்டிருக்கும். ழகரத்தின் வால் காப்பிக் கிளையாக வளையும். சேர்வராயன் மலைக்கென்றே ஓர் எழுத்து என்று பலகை வைக்கும் கமிட்டியில் சொன்னபோது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா என்று மட்டும் சோதித்துக் காட்டச் சொன்னார்கள்.

பனி இறங்கிய ஒரு மாலையில், விளக்கு போட்டுக்கொண்டு வரும் வண்டிக்காரர்களை வைத்துச் சோதித்தேன். மாதிரிப் பலகையில் ஊர்ப் பெயர் தெரிந்ததும் ஹார்ன் அடிக்க வேண்டும். பஸ் டிரைவர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், பால்காரர் என்று பதினொரு பேரும் வளைவு திரும்பியதுமே அடித்தார்கள். பன்னிரண்டாவதாக நீங்கள் ஸ்கூட்டரில் வந்தீர்கள். ஹார்ன் அடிக்கவே இல்லை. பலகைக்கு நேர் கீழே வந்து நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "வெள்ளக்கடைங்களா?" என்றீர்கள். அது மலையில் வேறோர் ஊர். பலகையில் இருந்தது வாழவந்தி.

"ஏனுங்க மேடம், எழுத்து நொம்ப அழகா இருக்குதுங்க. ஆனா படிக்கோணும்னா வண்டிய நிறுத்தோணும்."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து கிராமச் செவிலியராக மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, இன்னும் வழி பிடிபடவில்லை என்றீர்கள். அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. மற்ற பதினொரு பேரும் பலகையைப் படிக்கவில்லை; ரோட்டைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அன்று வந்தவர்களில் பலகை தேவைப்பட்டவர் நீங்கள் ஒருவர்தான். வெளிச்சம் பட்டதும் என் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன. 'வா'வின் காலும் 'வெ'யின் கொம்பும் ஒரே கொடியாகத் தெரிந்தன. 'தவறாகப் படித்தார்' என்று தாளில் குறித்து, உங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.

அறிக்கையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். கண்ணாடி அணிந்தவர் என்று காரணம் எழுதி உங்களை நீக்கிவிட்டேன்.

பலகைகள் வந்தன. சுற்றுலா வந்தவர்கள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பாராட்டு. அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், வாழவந்தியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதென்றும் ஆம்புலன்ஸ் மேலே ஏறி வரத் தாமதமாகும் என்றும் உங்களுக்குத் தகவல் வந்தது. பனியில் வேறு அடையாளம் எதுவும் தெரியாமல், பலகையை மறுபடி தப்பாகப் படித்து, அந்தப் பிரிவில் தவறாகத் திரும்பி வெகுதூரம் போய்விட்டீர்கள். நீங்கள் திரும்பி வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காமல், சேலத்தில் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். நர்ஸ் நேரத்துக்கு வரவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தார்கள். உங்களுக்கு மெமோ வந்தது.

பிறகு போன் செய்தீர்கள். குரலில் துளிக் கோபம் இல்லை.

"கண்ணு, போர்டு சரியா தெரியலைன்னு சொன்னா ஆபீஸ்ல நம்ப மாட்டேங்கறாங்க. அன்னைக்கு நான் தப்பா படிச்சத எழுதி வெச்சீங்களே, அந்தப் பேப்பர் ஒண்ணு கெடச்சாப் போதும்."

"தேடிப் பார்க்கறேங்க்கா" என்றேன். தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. போனைப் பிடித்திருந்த கைக்கு ஒரு சாண் கீழே.

பத்து நாள் கழித்து மறுபடி அழைத்தீர்கள். வாழவந்திப் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தடுப்பூசிக்குக் குழந்தைகளைக் கொண்டுவரத் தயங்குகிறார்கள் என்றீர்கள். ஆபீஸ் மாற்றியதில் காகிதங்கள் கலைந்துவிட்டன என்று சொன்னேன். நான் எந்த ஆபீஸையும் மாற்றவில்லை. "பரவாயில்ல கண்ணு, மெதுவா தேடுங்க" என்று நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். அதன்பின் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்த நீங்கள் எழவில்லை என்ற செய்தி, எட்டு மாதத்துக்கு முன்பு, வேறொரு செவிலியர் வழியாக வந்தது.

அந்த வாரமே தாளின் நகலை வைத்து, நடந்ததை மறைக்காமல் கமிட்டிக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் எழுதினேன். பலகையை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். உங்கள் பணிப்பதிவேட்டிலிருந்து மெமோவை நீக்கியதாகப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போன மாதம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் கணவர் வாசலுக்கே வந்து, பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சாமி, உள்ள வாங்க. கடைசி வரைக்கும் உங்களப் பத்திப் பேசிக்கிட்டேதான் இருந்தா. அந்தப் புள்ள எனக்காக இன்னும் பேப்பரத் தேடிக்கிட்டு இருக்குது, தொந்தரவு பண்ணக் கூடாதும்பா."

தேடவே இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பதில் கடிதத்தை வாங்கி, படிக்காமலே மடித்து வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வருவார் என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் பலகைக்கு எழுத்துத் தேர்ந்தெடுக்கிறேன், அக்கா. வழி தெரியாதவர்களை முதலில் வரச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. யாராவது என்னிடம் "பரவாயில்ல" என்று சொல்லும்போது மட்டும் அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.