ஞாயிற்றுக்கிழமை எடை

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீயும் மகளும் பேத்தியும் நலம் என்று போனில் கேட்டு மகிழ்ந்தேன். நானும் நலம் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். போனில் திருத்திச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உன் குரல் உயர்ந்ததுமே மழுப்பிவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கத்து. பாதியில் எழுந்து போய்ப் பெட்டி கட்டாதே.

பேத்தி பிறந்ததும் மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது எடை மெஷினைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டு என்ன சொன்னாய்? "ஞாயித்துக்கிழமை தவறாம ஏறி நின்னு எனக்குச் சொல்லணும். ரெண்டு கிலோ குறைஞ்சாலும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவேன்" என்றாய். ஏழு மாதமாக அறுபத்தெட்டு என்றே சொல்லிவந்தேன். இரண்டாம் மாதத்தில் மூன்று ஞாயிறுகளைத் தவிர மற்றதெல்லாம் சத்தியமாக உண்மை.

அந்த மூன்று ஞாயிறும் மெஷின் அறுபத்தாறு காட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. மருமகன் வெளியூரில். குறைமாதக் குழந்தையை வைத்துக்கொண்டு மகள் தனியாக அல்லாடும்போது நீ எனக்காக ஓடி வந்தால் அவள் கதி என்ன ஆவது? முப்பத்தைந்து வருடம் தன் அடுப்பில் நின்றவன் என்ற பாசத்தில் பேக்கரி முதலாளி சாயங்காலம் தோறும் ஒரு பை அனுப்புவாரே, கிரீம் பன், பிஸ்கட், டோனட் என்று? அதுவரை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவந்தேன். அன்றிலிருந்து மூன்று வேளையும் எனக்கு அதுதான் சாப்பாடு. தின்றுவிட்டு நாற்காலியை விட்டு அசையவும் மாட்டேன், அசைந்தால் எடை குறையுமாம். எடை ஏறியது. என்ன மூளைடா உனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

குட்டை உடைத்தது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது, பிரித்துத் தாருங்கள் என்று போனேன். நாடாவால் அளந்தவர், பழைய அளவு நோட்டைப் புரட்டினார். "மாஸ்டர், இடுப்பு மூணு இஞ்சு கூடியிருக்கு, சரி. தொடையில ரெண்டு இஞ்சு எங்க போச்சு? யாரு காலை இரவல் வாங்கிட்டு வந்தீங்க?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்து முக்காலியில் உட்காரச் சொன்னார், உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மைதா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறியவன், தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அழுகை வந்துவிட்டது. முந்தின வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்ததையும் அவரிடம்தான் சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கையோடு டாக்டரிடம் இழுத்துப்போனார். "எடை அப்படியேதான் இருக்குங்க ஐயா, உள்ள இருக்கற சரக்குதான் மாறிப்போச்சு. தசை போயி கொழுப்பு வந்திருக்கு" என்றார் அந்த டாக்டரம்மா. மைதா, சர்க்கரை, பொரித்தது என்று விடாமல் தின்றால் உடம்புக்குள் ஓர் அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டே இருக்குமாம். வயதான காலத்தில் அதுவும் தசையைக் கரைக்குமாம். அது மட்டுமே காரணம் இல்லை, வயதும், புரதம் இல்லாத சாப்பாடும், நடக்காமல் கிடந்ததும் சேர்ந்த வினை என்றார். எனக்குப் பேக்கரி பாஷையில் புரிந்தது. வேலை முடிந்தும் அணைக்காமல் விட்ட அடுப்பில் ரொட்டி கருகாது, காய்ந்து சுருங்கிப்போகும்.

இப்போது முட்டை, பருப்பு, மீன், கீரை. பை வேண்டாம் என்றதும் முதலாளி இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அதே பையில் முட்டை அனுப்பினார். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ வேண்டும் என்பது டாக்டர் கொடுத்த பாடம். முதல் நாள் ஒரு தடவைகூட முழுசாக எழவில்லை. நேற்று மூன்று. தையல்காரம்மா ஜன்னல் வழியாகச் சத்தமாக எண்ணுகிறார், தெருவே கேட்கிறது. மானம் போகிறது, போகட்டும்.

இதைப் படித்ததும் டிக்கெட் போடாதே. குழந்தை தவழட்டும், மகள் வேலைக்குப் போய்ப் பழகட்டும். அதுவரை விழாமல் இருப்பேன், குளியலறையில் கைப்பிடிகூட மாட்டிவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை எடை கேட்காதே, எத்தனை தடவை எழுந்தேன் என்று கேள். உள்ளதை உள்ளபடி சொல்வேன். திட்டை மட்டும் சேர்த்து வை, போனில் வேண்டாம். எனக்கு நீ நேரில் நின்று திட்ட வேண்டும்.

பேத்திக்கு என் ஆசி. அவளை நான் முதல்முதலாகத் தூக்கும்போது நீ பக்கத்தில் நில். தாங்கிப் பிடிக்க வேண்டாம். சும்மா நில், போதும்.

இப்படிக்கு,
இனி உன்னிடம் எதையும் மறைக்காத
உன் வீட்டுக்காரன்